மழையில் கழற்றிய காலணி: பினாங்குப் பாலம் கடக்கும் ஒரு மோட்டார் ஓட்டியின் பாதுகாப்பு உடைத் தேர்வு

பின்னணி

இந்த நிகழ்வில் வருபவர் 27 வயது இளைஞர். மலேசியாவின் பினாங்குத் தீவில், பாயான் லெப்பாஸ் தொழிற்பேட்டையில் மின்னணுப் பாகங்கள் செய்யும் ஒரு தொழிற்சாலையில் டெக்னீஷியன். மணமாகி ஓராண்டு. வீடு பெருநிலத்தில், புக்கிட் தெங்கா பக்கம். வேலைக்கு ஒருவழித் தூரம் ஏறக்குறைய 25 கிலோமீட்டர். அதில் பாதிக்கு மேல் பினாங்குப் பாலத்தில் போய்விடும். 1985-இல் திறந்த அந்த 13.5 கிலோமீட்டர் பாலத்தில் 2019 ஜனவரி 1 முதல் மோட்டாருக்கு, அதாவது மோட்டார் சைக்கிளுக்கு, டோல் கிடையாது. பெருநிலத்தில் குறைந்த வாடகைக்கு இருந்துகொண்டு தீவில் வேலை பார்க்கிறவருக்கு கப்சாய் எனும் ஒரு 125 சிசி சிறு மோட்டாரை விட்டால் மலிவான வழி வேறில்லை.

நான் அதே தொழிற்சாலையின் பாதுகாப்பு, சுகாதாரக் குழுவில் தொழிலாளர் தரப்பு உறுப்பினர். 40 பேர் அல்லது அதற்கு மேல் வேலை செய்யும் இடத்தில் இப்படி ஒரு குழு இருக்க வேண்டும் என்பது 1994-ஆம் ஆண்டுச் சட்டம். எங்கள் குழு அதுவரை தொழிற்சாலைக் கேட்டுக்கு உள்ளே நடப்பதை மட்டும்தான் பார்த்து வந்தது. நாட்டில் சாலையில் இறப்பவர்களில் 60 விழுக்காட்டுக்கும் மேல் மோட்டாரில் போகிறவர்கள் என்பது எங்களுக்குத் தெரியும். ஆனாலும் கேட்டுக்கு வெளியே போனால் அது அவரவர் பாடு என்று இருந்துவிட்டோம். சம்பந்தப்பட்டவரும் அவர் மனைவியும் ஒப்புக்கொண்ட பிறகே இதை எழுதுகிறேன்.

அவரிடம் பாதுகாப்பு உடையே இல்லை என்று சொல்ல முடியாது. மச்சானோடு, அதாவது மனைவியின் அண்ணனோடு, ஆண்டுக்கு ஓரிரு முறை கேமரன் மலைக்குப் போவதற்காகத் தோல் ஜாக்கெட் ஒன்றைப் பழையதாக வாங்கி வைத்திருந்தார். அது அலமாரியில் பூஞ்சை படிந்து தொங்கியது. தினமும் 50 கிலோமீட்டர் ஓட்டுவதற்கோ ஐந்து வருடப் பழைய திறந்த முகத் தொப்பி (ஹெல்மெட்), முன்பின் மாற்றிப் போட்ட ஒரு மெல்லிய காற்று ஜாக்கெட், நினைவிருந்தால் துணிக் கையுறை, தொழிற்சாலை கொடுத்த பாதுகாப்புக் காலணி. முன் கூடையில் எப்போதும் ஒரு ஜோடி சிலிப்பர். ஜாக்கெட்டை ஏன் திருப்பிப் போடுகிறோம் என்று நம் ஊரில் யாரும் கேட்பதில்லை. வெயிலும் காற்றும் நெஞ்சில் படாது, முதுகு வேகாது, சிக்னலில் நின்றதும் ஒரே இழுப்பில் கழற்றிவிடலாம். அந்த வழக்கத்துக்கு அதற்கென்று ஒரு நியாயம் உண்டு.

அன்று மாலை

அக்டோபர் மாதம், இரவு ஷிப்டின் முதல் நாள். ஏழு மணிக்கு வேலை. ஐந்தே முக்காலுக்கு வீட்டிலிருந்து கிளம்பியபோது தூறல். பிறைக்கு வருவதற்குள் மழை வலுத்துவிட்டது. மேம்பாலத்தின் கீழே பத்துப் பன்னிரண்டு மோட்டார்கள் ஒதுங்கியிருந்த இடத்தில் அவரும் ஒதுங்கினார்.

அங்கே அவர் செய்தவற்றை வரிசையாகச் சொல்லச் சொன்னேன். மழைக்கோட்டை எடுத்து மாட்டினார். அதன் தலைமூடியை முதலில் தலையில் இழுத்துவிட்டு, கழுத்து வழியாகத் தண்ணீர் இறங்காதபடி, அதன் மேல் தொப்பியைப் போட்டார். தலைமூடி தடித்திருந்ததால் தாடை வார் இறுகியது. அதைக் கொஞ்சம் தளர்த்திவிட்டார். துணிக் கையுறை நனைந்துவிட்டதால் பையில் போட்டார். பாதுகாப்புக் காலணியைக் கழற்றிப் பிளாஸ்டிக் பையில் சுற்றி இருக்கைக்கு அடியில் வைத்துவிட்டு, சிலிப்பரைப் போட்டுக்கொண்டார்.

இந்த நான்கில் ஒன்றைக்கூடக் கவனக்குறைவு என்று சொல்ல மாட்டேன். ஈரக் காலணியோடு 12 மணி நேரம் நின்று வேலை செய்து பார்த்தவருக்குத்தான் தெரியும். விரலிடுக்கு வெந்து, தோல் ஊறி, மறுநாள் போடும்போதும் அது காயாமல் நாறும். காலணி ஒரே ஜோடி. அடுத்தது அடுத்த ஆண்டுதான். அந்தப் பாலத்தடியில் ஒதுங்கியிருந்தவர்களில் பெரும்பாலோர் அவரைப் போலவே காலணியை மாற்றிக்கொண்டிருந்தார்களாம்.

மழை சற்று விட்டதும் பாலம் ஏறினார். பாலத்தின் நடுவில் பக்கக்காற்று அடித்தது. வேகத்தைக் குறைத்து ஓட்டினார், ஒன்றும் ஆகவில்லை. தீவில் இறங்கி, துன் டாக்டர் லிம் சோங் இயூ விரைவுச்சாலையில் தெற்கே போய்க்கொண்டிருந்தபோது இடப்பக்க இணைப்புச் சாலையிலிருந்து ஒரு கார் உள்ளே நுழைந்து பாதியில் தயங்கியது. அவர் வேகம் ஏறக்குறைய 50. முன் பிரேக்கை அழுத்திய நேரத்தில் முன்சக்கரம் சாலையில் வரைந்திருந்த வெள்ளை அம்புக்குறியின் மேல் இருந்தது. ஈரப் பெயிண்டில் சக்கரம் பூட்டிக்கொண்டது. மோட்டார் இடப்பக்கம் சாய்ந்து விழுந்தது. காரில் மோதவில்லை. பின்னால் வந்தவரும் நிறுத்திவிட்டார். விழுந்து, வழுக்கி, நின்றார், அவ்வளவுதான். சாலையில் இதைவிடச் சாதாரணமான விபத்து இருக்க முடியாது.

கண்டவை

இடது உள்ளங்கையின் அடிப்பகுதித் தோல் முழுக்க உரிந்திருந்தது. மணிக்கட்டு வீங்கியிருந்தது. இடது பாதத்தில் சுண்டுவிரல் பக்கத்து எலும்பு முறிவு, இரண்டு நகங்கள் போயின, கணுக்காலின் வெளிமுட்டியில் ஆழமான சிராய்ப்பு. இடது முழங்காலில் ஜீன்ஸ் கிழிந்து தோல் போயிருந்தது. தாடையில் ஆறு தையல். தலையில் அடி இல்லை. நினைவும் தப்பவில்லை.

மணிக்கட்டில் முதல் எக்ஸ்ரேயில் முறிவு தெரியவில்லை. ஆனால் கட்டைவிரலை விரிக்கும்போது அதன் அடியில் விழும் பள்ளத்தில் அழுத்தினால் வலித்தது. அதனால் டாக்டர் கட்டுப் போட்டு, இரண்டு வாரம் கழித்து மறுபடி படமெடுத்தார். அப்போது தெரிந்தது: ஸ்கேஃபாய்டு எனும் படகு வடிவச் சிற்றெலும்பில் கோடு விழுந்திருந்தது. கையை ஊன்றி விழுகிறவர்களுக்கு அதிகம் முறியும் மணிக்கட்டு எலும்பு அதுதான். முதல் படத்தில் தப்பிவிடுவதும் அதன் வழக்கம். அதற்கு இரத்தம் பெரும்பாலும் ஒரு முனையிலிருந்துதான் ஏறுகிறது. ஆகவே ஆற நாளாகும். பாதம் ஐந்து வாரத்தில் தேறியது. கைக்கட்டைப் பிரிக்கப் பத்து வாரம் ஆனது.

உடம்பைப் பார்த்ததோடு விடாமல், உடையையும் தரையில் பரப்பி வைத்துப் பார்த்தோம். இந்த ஆய்வில் எனக்கு அதிகம் கற்றுக் கொடுத்தது அந்த அரை மணி நேரம்.

தொப்பியின் நெற்றிப் பக்கத்தில் கீறலே இல்லை. சிராய்ப்பு முழுக்கப் பின்பக்கத்திலும் இடது ஓரத்தின் கீழேயும் இருந்தது. வழுக்கும் தலைமூடியும் தளர்ந்த வாரும் சேர்ந்து, விழுந்த கணத்தில் தொப்பி பின்னால் சுழன்றிருக்கிறது. தாடை தானாகச் சாலையைத் தொட்டிருக்கிறது. சிரிம் எனும் நம் நாட்டுத் தரச்சான்று நிறுவனத்தின் ஒட்டுவில்லையுள்ள முறையான தொப்பிதான் அது. 1973-லிருந்து சட்டம் கேட்பதை அவர் செய்திருந்தார். தொப்பியிலும் குறையில்லை, அது தலையில் உட்கார்ந்த விதத்தில்தான் குறை.

முன்பின் மாற்றிப் போட்டிருந்த ஜாக்கெட், மழைக்கோட்டுக்கு உள்ளே, தோளுக்கு ஏறிச் சுருண்டு கிடந்தது. ஜிப் பூட்டாத உடை நழுவத்தான் செய்யும். முழங்கை தப்பியதற்குக் காரணம் ஜாக்கெட் அல்ல, விழுந்த கோணம். பாதுகாப்புக் காலணி மட்டும் இருக்கைக்கு அடியில் பிளாஸ்டிக் பைக்குள் புத்தம்புதிதாக, சொட்டு ஈரம்கூட இல்லாமல் இருந்தது.

சொக்சோ

இதைச் சுருக்கமாகவே சொல்கிறேன். வீட்டிலிருந்து வேலைக்குப் போகும் வழியில் நடந்த விபத்து என்பதால் சொக்சோ எனும் தொழிலாளர் சமூகப் பாதுகாப்பு நிறுவனத்தின் பாதுகாப்பு உண்டு. எம்சி, அதாவது மருத்துவ விடுப்பு, நான்கு நாளுக்குக் குறையாமல் இருந்தால் சராசரி நாள் ஊதியத்தில் 80 விழுக்காடு தற்காலிக ஊனப் பலனாகக் கிடைக்கும். மறுநாளே மச்சான் அவரைப் போலீஸ் நிலையத்துக்கு அழைத்துப்போய்ப் புகார் கொடுக்க வைத்தார். 24 மணி நேரத்துக்குள் கொடுத்தாக வேண்டும். வழக்கமான பாதையிலிருந்து விலகிப் போனால் கோரிக்கை சிக்கலாகும் என்பதால், மழைக்கு ஒதுங்கியதை விலகல் என்பார்களோ என்று கவலைப்பட்டார். ஒதுங்கிய இடம் பாதையிலேயே இருந்தது, வழித்தட வரைபடத்தில் அதையும் குறித்துக் கொடுத்தோம். கேள்வி எழவில்லை.

எடுத்த முடிவுகள்

கைக்கட்டோடு இருந்த நாட்களில் அவர் வீட்டுக் கூடத்தில் மூன்று பேச்சு எழுந்தது. மனைவிக்கு மோட்டாரே வேண்டாம், பேக்டரி பஸ்ஸில் போகட்டும். மச்சான் பெரிய மோட்டார் ஓட்டுகிறவர். தோல் ஜாக்கெட், தோல் பேண்ட், வெளிநாட்டு முழு முகத் தொப்பி என்று நல்ல உடை முழுவதையும் ஒரே மூச்சில் வாங்கிவிடச் சொன்னார். இளைஞருக்கோ இருப்பதே போதும், இனிமேல் கவனமாக ஓட்டினால் சரி.

பஸ் யோசனையை நான் தட்டவில்லை. உள்ளதிலேயே பாதுகாப்பானது அதுதான். கை ஆறி வேலைக்குத் திரும்பிய முதல் மாதம் பஸ்ஸில்தான் வந்தார். ஆனால் ஷிப்ட் ஒப்படைப்பு இழுத்துப்போகும் நாட்களில் பஸ் காத்திருக்காது. ஓவர்டைம் என்றால் அடுத்த பஸ் பன்னிரண்டு மணி நேரம் கழித்துத்தான். எனவே பஸ் பட்டியலிலிருந்து பெயரை எடுக்காமல் வைத்துக்கொண்டு, மழை வெளுத்து வாங்கும் நாளில் பஸ், மற்ற நாளில் மோட்டார் என்று முடிவானது.

மச்சானின் பட்டியலைப் பார்த்தபோதுதான் நான் அந்தக் கேள்வியைக் கேட்டேன். "தம்பி, இந்தத் தோல் ஜாக்கெட்டை எந்த நாள்ல கழட்டி வைப்பே?"

யோசிக்காமல் பதில் வந்தது. "மத்தியானம் மூணு மணி வெயில்ல பாலத்துல ஜாம்னா முதல் நாளே கழட்டிருவேன், அண்ணே."

அதற்குப் பிறகு ஒவ்வொரு பொருளையும் அந்தக் கேள்வியைக் கொண்டே அளந்தோம். எவ்வளவு தாங்கும் என்று கேட்பதற்கு முன்னால், எந்த நாளில் கழற்றுவாய் என்று கேட்டோம். அவர் கழற்றிய பொருள் ஒவ்வொன்றுக்கும் ஒரு காரணம் இருந்தது. ஈரம், இறுக்கம், வெக்கை, தொப்பியின் முகக்கண்ணாடியில் ஆவி. அந்தக் காரணத்தைத் தீர்க்காத உடை எத்தனை உயர்ந்த தரமானாலும் ஒருநாள் இருக்கைக்கு அடியில்தான் போய்ச் சேரும். சேமிப்பிலிருந்து எடுக்கக்கூடியது 800 வெள்ளி (ரிங்கிட்). அதற்குள் எது முதலில், எது பிறகு என்ற வரிசையும் இதிலிருந்தே வந்தது.

கையுறை

முதலில் வாங்கியது இது, 89 வெள்ளி. விழும்போது கை தானாக முன்னால் போகும். அதைப் பயிற்சியால் நிறுத்த முடியாது. வெறும் உள்ளங்கை தார்ச்சாலையைப் பற்றிக்கொள்கிறது, உடம்போ இன்னும் நகர்கிறது. நடுவில் மணிக்கட்டு பின்னோக்கி மடங்குகிறது. ஸ்கேஃபாய்டு முறிவது அங்கேதான். மோட்டார் கையுறையின் உள்ளங்கை அடியில் கடினமான வழுக்குத் துண்டு ஒன்றை வைத்திருப்பார்கள். அது சாலையைப் பற்றாமல் வழுக்கிப் போகும். பலர் நினைப்பதுபோல அது வெறும் தோல் தேயாமல் காப்பதற்கு மட்டுமல்ல.

கடையில் நாங்கள் தேடியது இரண்டே. இஎன் 13594 என்ற ஐரோப்பியத் தர எண் உள்ளே தைத்திருக்க வேண்டும், மணிக்கட்டைச் சுற்றி இழுத்து ஒட்டும் வார் வேண்டும். வாரைப் பூட்டியபின் விரல் நுனிகளைப் பிடித்து நான் இழுத்துப் பார்த்தேன். முதலில் எடுத்த விலையுயர்ந்த ஜோடி கையோடு கழன்று வந்தது. அதை வைத்துவிட்டோம். புறங்கையில் வலைத்துணி வைத்த, நனைந்தாலும் சீக்கிரம் காயும் ஜோடியை எடுத்தார்.

தொப்பி

பழையது விழுந்த தொப்பி என்பதால் கேள்வியே இல்லாமல் தூக்கிப் போட்டோம். உள்ளிருக்கும் பொலிஸ்டைரின் நுரை ஒருமுறை நசுங்கி அடியை வாங்கிக்கொண்டால் அதன் வேலை முடிந்தது. வெளியே பார்த்தால் தெரியாது.

திறந்த முகமா, முழு முகமா என்பதில் தாடையின் ஆறு தையலே வாதாடியது. முழு முகத்துக்கு எதிராக அவர் சொன்ன காரணம் ஒன்றுதான். மழையில் கண்ணாடி உள்ளே ஆவி பிடிக்கும், தூக்கிவிட்டு ஓட்ட வேண்டியிருக்கும். நியாயமான பயம். கண்ணாடியின் உட்புறம் இரண்டாவது தகடு ஒன்றைப் பொருத்தி நடுவில் காற்றை அடைத்துவைக்கும் வகை இருக்கிறது. ஆவி பிடிப்பதை வெகுவாகக் குறைக்கும். அதைப் பொருத்தும் ஊசிகள் உள்ள தொப்பிகளை மட்டும் பார்த்தோம். இரவில் ஓட்டுகிறவர் என்பதால் கறுப்புக் கண்ணாடியைத் தொடவே இல்லை. கடைக்காரர் அது "ஸ்டைல்" என்றார், இருக்கலாம்.

அளவில்தான் அதிக நேரம் செலவழித்தோம். புருவத்துக்குச் சற்று மேலே டேப் வைத்துச் சுற்றினால் 57 சென்டிமீட்டர். அவர் இத்தனை காலம் போட்டிருந்தது 59-60. "இறுக்கமா இருக்குண்ணே" என்று சரியான அளவை இரண்டு முறை கழற்றினார். புதுத் தொப்பி கன்னத்தை அழுத்தத்தான் வேண்டும். நெற்றியில் ஒரே புள்ளியில் வலித்தால் மட்டும் அந்த வடிவம் அந்தத் தலைக்கு ஒத்துவராது. கடைக்குள்ளேயே இருபது நிமிடம் போட்டுக்கொண்டு உட்காரச் சொன்னேன். கழற்றியபோது நெற்றியில் சிவப்புத் தழும்பு இல்லை. வாரைப் பூட்டி, நான் பின்னால் நின்று பிடரிப் பக்க விளிம்பில் விரல் கொடுத்து மேலே தள்ளி முன்னால் உருட்டப் பார்த்தேன். பிறகு முன்னிருந்து தாடைக் காப்பைப் பிடித்துப் பின்னால் தள்ளினேன். இரண்டுக்கும் அசையவில்லை. பழைய தொப்பியை வீட்டில் இதே மாதிரி சோதித்தபோது முழுக்கக் கழன்று என் கையில் வந்திருந்தது.

ஒட்டுவில்லையைப் படிப்பது பற்றியும் ஒரு வார்த்தை. நம் நாட்டுத் தரம் எம்எஸ் 1:2011. சிரிம் ஒட்டுவில்லை அதற்கானது. பல தொப்பிகளின் தாடை வாரில் ஐ.நா.வின் விதி 22-க்கான சிறு துணிச்சீட்டும் தைத்திருக்கும். வட்டத்துக்குள் ஆங்கில ‘ஈ’ எழுத்தும் சான்று தந்த நாட்டின் எண்ணும் இருக்கும். அடுத்து வரும் நீண்ட எண்ணின் முதல் இரண்டு இலக்கம் 05-ஆ 06-ஆ என்பது எந்தத் திருத்தத்தின்படி சோதித்தார்கள் என்பதைச் சொல்லும், 06 புதியது. இறுதியில் வரும் எழுத்தை யாரும் பார்ப்பதில்லை. ‘பி’ என்றால் தாடைக் காப்பு அடிக்குத் தாங்கும் என்று சோதித்தது. ‘என்பி’ என்றால் தாடைக் காப்பு பாதுகாப்புக்கானதல்ல. ‘ஜே’ என்றால் தாடைக் காப்பே இல்லாத வகை. முழு முகம் போலத் தெரிகிற எல்லாமே முழு முகம் அல்ல என்பதை இந்த ஓரெழுத்து காட்டிக்கொடுத்துவிடும். மச்சான் இணையத்தில் காட்டிய வெளிநாட்டுத் தொப்பியில் சிரிம் ஒட்டுவில்லை இல்லை. வேண்டாம் என்றோம். கடையில் எடுத்தது 329 வெள்ளி.

காலணியும் மழை உடையும்

மெய்யாகவே சிக்கலான இடம் இதுதான். தொழிற்சாலைக் காலணியைப் போட்டே ஓட்டு என்று சொல்லிவிட்டுப் போயிருக்கலாம். விரல்களை அது காக்கும், கணுக்காலை மூடாது. அதைவிட, நனைந்தால் மறுபடி கழற்றுவார். ஓட்டுவதற்கு ஒன்று, வேலைக்கு ஒன்று என்று பிரித்தால்தான் தீரும் என்று தோன்றியது.

இஎன் 13634 தரத்தில் கணுக்காலுக்கு மேல் ஏறும், நீர் புகாத காலணி ஒன்றைத் தேர்ந்தெடுத்தோம். அதன் சீட்டில் நான்கு எண்கள் இருக்கும். உயரம், தேய்மானம், வெட்டு, பக்கவாட்டு நசுக்கல் ஆகிய நான்கையும் 1 அல்லது 2 என்று குறிப்பார்கள். உயரத்தில் 1, மற்றதில் பெரும்பாலும் 1 உள்ள நகர ஓட்டக் காலணி அது. இரண்டுகள் நிறைந்த உயரமான பூட்ஸை மச்சான் எடுத்துக் காட்டினார். அதைப் போட்டுக்கொண்டு லாக்கர் வரைக்கும் நடந்து காட்டச் சொன்னேன். கடைக்குள் நாலு நடை நடந்துவிட்டு இளைஞரே சிரித்தபடி வைத்துவிட்டார். விலை 259 வெள்ளி. பழைய மழைக்கோட்டுக்குப் பதிலாக, ஒளி பட்டால் மின்னும் பட்டை வைத்த மேல்-கீழ் மழை உடை 120 வெள்ளி. தலைமூடியைக் கழற்றிவிடக்கூடிய வகை. இனி தலைமூடி தொப்பிக்கு அடியில் போவதில்லை. கழுத்து நனைகிறதே என்றார். நனையட்டும் என்றேன். தொங்கும் போர்வை மாதிரி மழைக்கோட்டு மட்டும் கூடவே கூடாது. அது சங்கிலியில் மாட்டும்.

இத்துடன் 797 வெள்ளி. பணம் தீர்ந்தது.

ஜாக்கெட்

இரண்டு மாதம் கழித்து, சொக்சோ பணம் வந்த பிறகு வாங்கினார், 289 வெள்ளி. தோலோடு ஒப்பிட்டால் வலைத்துணி ஜாக்கெட் சாலையில் சீக்கிரம் தேயும். அதை மறைப்பதில் பயனில்லை. இஎன் 17092 தரம் உடையை ஏஏஏ, ஏஏ, ஏ முதலிய வகுப்புகளாகப் பிரிக்கிறது, ஏஏஏ உயர்ந்தது, இது ஏ. ஏஏஏ உடை அலமாரியில் தொங்குவதைவிட ஏ உடை உடம்பில் இருப்பது மேல் என்று கணக்குப் போட்டோம். தோளிலும் முழங்கையிலும் இஎன் 1621-1 சான்றுள்ள காப்புகள் இருந்தன. ஜாக்கெட்டின் முதுகுப்புற உள்பையில் கைவிட்டுப் பார்த்தபோது வந்தது வெறும் மெல்லிய நுரைத் தகடு. இது பல ஜாக்கெட்டுகளில் உண்டு, வாங்குகிறவர் தடவிப் பார்த்து காப்பு என்று நம்பிவிடுவார். அசல் முதுகுக் காப்பில் இஎன் 1621-2 என்ற எண்ணும் 1 அல்லது 2 என்ற நிலையும் அச்சிட்டிருக்கும். ஒரே அடியை வாங்கினாலும் இரண்டாம் நிலைக் காப்பு உடம்புக்குள் விடும் விசை, முதல் நிலையின் வரம்பில் பாதிதான். 18 கிலோ நியூட்டனுக்கு 9. அதைத் தனியாக வாங்கிப் போடுவதாகச் சொன்னார்.

திருப்பிப் போடுவதைப் பற்றி ஒரு பேச்சு நடந்தது. முழங்கைக் காப்பு முன்பக்கம் திரும்பிவிடும், முதுகுக் காப்பு வயிற்றுக்கு வந்துவிடும் என்று போட்டுக் காட்டியதும் அவரே நிறுத்திவிட்டார். அதற்கு அறிவுரை தேவைப்படவில்லை.

பின்பு நடந்தது

முதல் மாதம் எல்லாவற்றையும் போட்டார். அது கணக்கில்லை, பயம் எல்லோரையும் ஒரு மாதம் காக்கும்.

ஆறாம் மாதம் பார்க்கிங்கில் நின்று பேசினேன். கையுறை பழக்கமாகிவிட்டது, அது இல்லாமல் ஹேண்டிலைப் பிடித்தால் கை கூசுகிறது என்றார். தொப்பியின் கன்ன மெத்தை இறங்கிச் சரியாக உட்கார்ந்துவிட்டது. ஆவித் தகடு வேலை செய்கிறது, ஆனால் சுத்தம் செய்யும்போது கீறிவிட்டது, மாற்ற வேண்டும். ஜாக்கெட்டைக் கடும் வெயிலில் சில நாள் போடவில்லை என்பதை ஒளிக்காமல் சொன்னார். முதுகுக் காப்பை இன்னும் வாங்கவில்லை.

காலணியில்தான் நாங்கள் எதிர்பார்க்காதது நடந்தது. ஓட்டும் காலணியைப் போட்டு வந்து, லாக்கரில் வேலைக் காலணிக்கு மாறினார். சரி. ஆனால் கனமழையில் மேலிருந்து வழிந்து உள்ளே போன தண்ணீர் நீர் புகாத காலணியிலிருந்து வெளியே வர மறுத்தது. பன்னிரண்டு மணி நேரம் இரும்பு லாக்கருக்குள் அடைந்து கிடந்து, காலையில் எடுத்தால் குளம். மூன்று முறை அப்படி ஆனதும் சிலிப்பர் மறுபடி கூடைக்கு வந்துவிட்டது. நான் கேட்ட கேள்வியையே நான் பாதியில் விட்டிருக்கிறேன். ஓட்டும்போது ஏன் கழற்றுவார் என்று கேட்டேன். வேலை முடிந்து ஏன் போட மாட்டார் என்று கேட்கவில்லை.

இந்த முறை கடைக்குப் போகவில்லை. குழுக் கூட்டத்தில் லாக்கர் அறையில் காலணி உலர்த்தும் அடுக்கு ஒன்றும் சுவர் விசிறி இரண்டும் கேட்டோம். இதென்ன பாதுகாப்பு விஷயமா என்ற கேள்வி வந்தது. சம்பந்தப்பட்டவரின் எம்சி நாட்களை எண்ணிக் காட்டினேன். நான்கு மாதம் இழுத்து ஒப்புதல் கிடைத்தது. மழை உடையின் காற்சட்டையைக் காலணிக்கு உள்ளே விடாமல் வெளியே இழுத்து விடவும் அவர் பழகிக்கொண்டார். தண்ணீர் உள்ளே போனதற்குப் பாதிக் காரணம் அதுதான். அடுக்கு வந்த பிறகு கூடையில் சிலிப்பரைப் பார்க்கவில்லை. மற்ற மோட்டார்க்காரர்களும் அந்த அடுக்கில் இடம் பிடிக்கச் சண்டை போடுகிறார்கள்.

பதினான்காம் மாதம் வரை அவர் மறுபடி விழவில்லை. ஆகவே இந்த உடை அவரைக் காத்தது என்று நான் எழுத முடியாது. எழுத முடிந்தது, ஓடிய நாட்களில் பெரும்பாலான நாள் அது அவர் உடம்பில் இருந்தது என்பது மட்டுமே.

மறுபடி செய்தால் மாற்றுவது

முழங்காலை விட்டுவிட்டோம். ஜீன்ஸ் எவ்வளவு சீக்கிரம் கிழியும் என்பதற்குச் சான்று எங்கள் கண்முன்னே தரையில் கிடந்தது. ஆனாலும் பணம் தீர்ந்ததும் பேச்சை நிறுத்திவிட்டோம். இப்போது செய்தால் ஜாக்கெட்டை இன்னும் தள்ளிப்போட்டு, முழங்கால் காப்பு உள்ளே வைத்த பேண்ட்டை முதலில் வாங்கச் சொல்வேன். இடப்பக்கமாகச் சாயும் மோட்டாரில் முழங்கால் தரையைத் தொடாமல் தப்புவது கடினம். மச்சானின் பேச்சையும் நான் கொஞ்சம் அவசரமாகத் தள்ளிவிட்டேன் என்று படுகிறது. அவர் சொன்ன பட்டியலில் பேண்ட் இருந்தது.

இன்னொன்று, பின்னால் உட்காருகிறவர். ஞாயிறு பசாருக்கும் கோயிலுக்கும் மனைவி அந்த மோட்டாரில்தான் வருகிறார். அவர் தலைச் சுற்றளவு 54 சென்டிமீட்டர். போட்டிருந்ததோ கணவரின் பழைய அரைத் தொப்பி. பத்து வாரம் கட்டுப்போட்டுக் கிடந்தவருக்காக மூன்று பேர் உட்கார்ந்து பேசினோம், அந்த மூன்று பேரில் ஒருவர் மனைவி, ஆனாலும் அவருக்கு என்ன வேண்டும் என்று எவரும் கேட்கவில்லை. போன மாதம் அவர் அளவுக்குப் புதுத் தொப்பி வாங்கியாகிவிட்டது. கையுறையும் வந்துவிட்டது. காலணி பேச்சு எடுத்தேன். சேலையோடு அதைப் போட மாட்டேன் என்கிறார். எந்த நாளில் கழற்றுவீர்கள் என்ற கேள்விக்கே இடமில்லாமல் போனதால், சேலை கட்டாத நாட்களில் இருந்து தொடங்கலாம் என்று பேசி வைத்திருக்கிறோம்.